விதிவிலக்கு

காலையில் தடுப்புப் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தவனின் கண்ணில், வரவேற்பு மேசைக் கணினி ஒரே தளத்தைத் திரும்பத் திரும்பத் தட்டியிருந்தது பட்டது. அந்த அலுவலகத்தின் நெட்வொர்க்கைக் கவனிப்பவன் அவன். எந்தத் தளம் திறக்கும், எது திறக்காது என்பது அவன் கையில் இருந்ததால் எல்லோரும் அவனைப் ‘பூட்டு’ என்றே கூப்பிட்டார்கள். துணிக்கடையாக இருக்கும் என்று சிரித்துக்கொண்டே முகவரியைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. வீட்டில் அடிபடும் பெண்களுக்கு உதவுகிற தளம். பக்கம் முழுக்க அடி, காயம், ரத்தம் என்ற சொற்கள் இருந்ததால் தளங்களை வகை பிரிக்கும் வடிகட்டி மென்பொருள் அதை ‘வன்முறை’ வகையில் தள்ளி அடைத்துவிட்டிருந்தது. அடிப்பவனையும் அடிபடுகிறவளையும் பிரித்துப் பார்க்க அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வரவேற்பில் இருந்தவள் ஸ்டோர் பொறுப்பாளரின் மனைவி. அவர் தினமும் இவனோடு டீ குடிப்பவர். இவன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூப்பிடாமலே வந்து கூட இருந்தவர். அவரா? இருக்காது என்றது மனசு. போன மாதம் அவள் கழுத்தைச் சுற்றித் துப்பட்டாவை இறுக்கிப் போட்டிருந்தது உடனே ஞாபகம் வந்தது.

தடுத்த தளத்தைத் திறக்க விண்ணப்பம் வேண்டும். மேனேஜர் காரணம் கேட்பார். அவள் என்ன காரணத்தை எழுதுவாள்? அவளாகக் கேட்காதபோது இவன் மூக்கை நுழைக்கலாமா? ஒரு மணி நேரம் வேறு வேலை பார்ப்பதுபோல நாற்காலியில் நெளிந்தான்.

டீக்குப் போனபோது ஸ்டோர்க்காரர் தோளில் கைபோட்டார். “மாப்ளே, ஒரு உதவி. உங்க அக்கா கம்ப்யூட்டர்ல என்னமோ பாக்குறா. நான் கிட்ட போனா மூடிடுறா. என்னென்ன பாக்குறான்னு ஒரு ரிப்போர்ட் எடுத்துக் குடு.”

“மேனேஜரைக் கேக்கணும்ண்ணே.”

“சாவி உங்கிட்டதானேடா இருக்கு? நமக்குள்ள என்ன மேனேஜர்?”

அம்மாவைத் தாங்கிப் பிடித்து பாத்ரூமுக்கு நடத்திப்போன அதே கை தோளில் கனத்தது. “பாக்குறேண்ணே” என்று மென்று விழுங்கினான்.

மேலே வந்ததும் அந்தத் தளத்தை வடிகட்டியின் விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்தான். அவளுக்கு மட்டும் திறந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும் என்று அலுவலகம் முழுமைக்கும் திறந்தான். இனி யார் பார்த்தாலும் பதிவாகாதபடி வைத்தான். பிறகு, வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து செய்யாத காரியமாக, காலைப் பதிவுகளை அழித்தான். வேலை போனாலும் போகலாம்.

கீழே போய் அவள் மேசையருகில் நின்றான். “அக்கா, சில தளமெல்லாம் தப்பா அடைபட்டிருந்துச்சு. எல்லாருக்கும் திறந்துவிட்டுட்டேன்.”

“எனக்கு எதுவும் வேண்டாமே தம்பி” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“சும்மா சொன்னேங்க்கா.”

அவன் திரும்பி நாலடி வைத்திருப்பான். “தம்பி, ரிப்போர்ட்ல வருமா?”

“வராதுக்கா. எனக்கேகூட தெரியாது.”

அது உண்மைதான். அடுத்து வந்த நாட்களில் அவள் பார்த்தாளா, பயந்து விட்டுவிட்டாளா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. தன் கண்ணைத் தானே கட்டிக்கொண்டவன், வராது என்று தெரிந்தும் ரிப்போர்ட்டைத் திறந்து திறந்து மூடினான். ஸ்டோர்க்காரர் கேட்கும்போதெல்லாம் சர்வர் கோளாறு என்றான். அவர் ‘மாப்ளே’ என்று கூப்பிடுவதை நிறுத்தினார்.

ஒரு திங்கட்கிழமை அவன் உள்ளே நுழைந்தபோது வரவேற்பு மேசை காலியாக இருந்தது. நாற்காலிக்குப் பின்னால் ஸ்டோர்க்காரர் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

“அவ இங்க வந்தாளா?”

“தெரியலண்ணே.”

“உனக்குத் தெரியாதா?” அவர் குரல் உடைந்தது. கோபமா, அழுகையா என்று பிடிபடவில்லை.

மேசைமேல் தொலைபேசி அடித்தது. இருவரும் அதையே பார்த்தார்கள். அவர் கை நீளும் முன் இவன் எடுத்துக் காதில் அழுத்திக்கொண்டான். மறுமுனையில் யாரும் பேசவில்லை. பஸ் ஒன்று கிளம்பும் இரைச்சல் மட்டும் கேட்டது.