மேகம் இல்லாத சனிக்கிழமை

குப்பைமேட்டின் தென்சரிவில் தமிழ்மாறன் கையிலிருந்த கருவி கூவத் தொடங்கியது. பிளாஸ்டிக் பைகளைப் பிரித்துக்கொண்டிருந்த மாயக்காள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் சென்னையிலிருந்து வந்திருந்தான். இந்தக் கிடங்கிலிருந்து மீத்தேன் வாயு எழுவதை ஒரு சாட்டிலைட் படம் பிடித்திருக்கிறது. எந்த இடம் என்று பார்க்க அவனை அனுப்பியிருந்தார்கள்.

“நாம நாலு வருசமா இங்கனதேன் கெடக்குறோம். ஒருத்தரு கண்ணுக்கும் படல,” என்றாள் கூட வேலை செய்யும் சகாயராணி. “குப்ப விட்ட குசு வானம் வரைக்கும் தெரிஞ்சிருக்கு.”

தமிழ்மாறன் சிரித்துவிட்டான். பூமி சூடாவதற்கு இந்த வாயுவும் ஒரு காரணம் என்றான். கைபேசியில் படத்தைக் காட்டினான். மலைக்கு இந்தப் பக்கம், சாம்பல் நிறப் பள்ளத்தாக்கில், அவர்கள் நின்ற இடத்திலிருந்து மஞ்சளாக ஒரு வால் கிழக்கே நீண்டிருந்தது.

“பழைய நாளு படமும் இருக்குமா தம்பி?” என்று மாயக்காள் கேட்டாள்.

“அஞ்சு வருசத்துக்கு இருக்குக்கா.”

அன்று முழுவதும் அவளுக்கு வேலை ஓடவில்லை.

போன வருடம் ஆடி மூன்றாம் சனிக்கிழமை. குச்சனூர் கோயில் திருவிழாவுக்குக் கூட்டம் நெரிந்தது. ஒரு விடுதியின் செப்டிக் டேங்க் நிறைந்து வழிந்தது. லாரி வர மாலையாகும் என்றார்கள். அவள் கணவன் பிச்சைமணி இறங்கினான். நாற்றம் தெரியாமலிருக்க மேலாளர் பிராந்தி கொடுத்தார். அவனுக்குக் குடிக்கிற பழக்கமில்லை. துண்டில் ஊற்றி மூக்கில் கட்டிக்கொண்டால் போதும் என்றாள் மாயக்காள். அவளே நனைத்துக் கட்டியும் விட்டாள். இரண்டாவது வாளி மேலே வரவில்லை.

துண்டின் வாடையை வைத்து, போதையில் தவறி விழுந்தான் என்று போலீசார் எழுதிக்கொண்டார்கள். வாயு என்ற சொல்லே அந்தத் தாளில் இல்லை. பள்ளிக்கு ஏதோ சான்றிதழ் தேடிய மகள் அபிதா அதைப் படித்துவிட்டாள். “அப்பா குடிக்க மாட்டாகன்னு சொன்னியே,” என்றாள். மாயக்காள் துண்டைப் பற்றிச் சொன்னாள். மகள் நம்பியதாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் அப்பாவைப் பற்றிப் பேசுவதில்லை.

சாட்டிலைட் படத்தைப் பார்த்த மறுநாள் காலை மாயக்காள் தமிழ்மாறனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தேதியும் சொன்னாள்.

“அந்த டேங்குல வாயு இருந்துச்சுன்னு ஒரு படம் வேணும் தம்பி. எம்மககிட்டக் காட்டணும்.”

அவன் மடிக்கணினியைத் திறந்தான். அந்தத் தேதியைத் தட்டினான். தேட நேரம் பிடித்தது.

“அன்னைக்கு மேகம் இல்லக்கா. ஒன்றரை மணிக்கு சாட்டிலைட் கடந்திருக்கு.”

“அந்நேரந்தேன். பன்னெண்டுக்கு எறங்குனாக. ரெண்டு மணிக்குத்தேன் தூக்குனோம்.”

படம் தெளிவாக இருந்தது. ஆறு, வயல், கோயில் பக்கத்துக் கூரைகள். அவன் தொட்டுக் காட்டிய விடுதி நெல்மணி அளவு இருந்தது. அதன்மேல் எந்த நிறமும் இல்லை.

“குப்பக் கிடங்கு மாதிரி பெருசா வந்தாத்தான் தெரியும்க்கா. மணிக்கு நூறு கிலோவாவது வேணும். டேங்க்ல அவ்வளவு இருக்காது. ஆளக் கொல்றது வேற வாயுவாவும் இருக்கலாம்.”

“ஆளு சாகுற அளவு இருந்துச்சே தம்பி.”

அவன் படத்தை இன்னும் பெரிதாக்கினான்.

“ஒண்ணுமில்லன்னு காட்டுதா?”

“இல்லன்னு இல்லக்கா. தெரியலன்னு காட்டுது.”

“எம்மகளுக்கு ரெண்டும் ஒண்ணுதேன்.”

அடுத்த வாரம் வாயுவை வெளியேற்றக் குழாய்கள் வந்து இறங்கின. கிடங்கு வாசலில் பலகை நட்டார்கள். ‘எச்சரிக்கை. இங்கு வாயு உள்ளது.’ சிவப்பு எழுத்து, தூரத்திலிருந்தே படிக்கலாம். மேஸ்திரி பலகைக் கம்பத்தின் குழியில் சிமெண்டுக் கலவையைக் கொட்டினார்.

“ஏத்தா, அசையாமப் பிடி. சாஞ்சிரும்,” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மாயக்காள் இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டவுன் பஸ் ஒன்று வேகம் குறைத்துக் கடந்தது. ஜன்னலோரம் இருந்தவர்கள் அவள் தலைக்கு மேலிருந்ததைப் படித்தார்கள். ஒவ்வொருவராக மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.