முயல் சாகும் கதையின் ஐந்தாவது வரைவு

1

இந்தக் கதை பிறந்தது துயரத்திலிருந்து அல்ல, ஒரு தபால் உறையிலிருந்து. நான் மிகவும் மதிக்கும் ஓர் இலக்கிய இதழின் ஆசிரியர் என் மூன்றாவது கதையையும் திருப்பி அனுப்பியிருந்தார். முதல் இரண்டோடு வந்த அதே வாக்கியம் இதிலும் இருந்தது: 'ஆழம் போதவில்லை.'

நான் குடிநீர் அலுவலகத்தில் எழுத்தர். எந்தத் தெருவில் எத்தனை அடிக்கு ஆழ்துளைக் கிணறு இறக்கியிருக்கிறார்கள் என்று பதிவேட்டில் எழுதுவதுதான் இருபத்திரண்டு ஆண்டுகளாக என் உத்தியோகம். ஆழத்தைப் பற்றி எனக்கே ஒருவர் கடிதம் போட்டால் வலிக்குமா, வலிக்காதா?

அந்த வாரம்தான் என் மனைவியின் தம்பி முயல் வளர்க்கிறான் என்ற செய்தி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அவனுக்கு நாற்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. பொக்லைன் எந்திரத்தில் உட்கார்ந்து பழைய கட்டடங்களை இடிப்பது தொழில். இடிப்பவன் மடியில் முயல்! எனக்குள் இருக்கும் எழுத்தாளன் எழுந்து உட்கார்ந்தான். (அவன் பெரும்பாலும் படுத்தே இருப்பவன். டீ வந்தால் எழுவான்.)

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முயலின் முகத்தைக்கூடப் பார்க்கும் முன்பே முடிவு செய்துவிட்டேன், கதையின் கடைசியில் அது சாக வேண்டும் என்று.

2

முதல் தொடக்கம்: 'சிதைந்த செங்கற்களின் பெருமூச்சுகளுக்கு நடுவே, அந்தி தன் சிவந்த இமைகளை மெல்ல…'

இதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர்களின் கையெழுத்தையே வாசித்துப் பழகியவள். எதையும் அப்படியே நம்பிவிட மாட்டாள்.

"செங்கல் எதுக்குங்க பெருமூச்சு விடுது?"

"அது ஒரு உருவகம்."

"தம்பி நாலு மணிக்கே எந்திரத்தை நிறுத்திட்டுப் போயிடுவான். அந்தி நேரத்துல அங்க வாட்ச்மேன்தான் இருப்பார். அவரை வச்சு எழுதுறீங்களா?"

இரண்டாம் தொடக்கம்: 'அவன் அழிப்பவன். அது அஞ்சுவது. இருவருக்கும் இடையே ஒரு கேரட்டும், ஒரு மாபெரும்…'

மாபெரும் என்ன என்று எனக்கே தெரியவில்லை. (அந்த முயல் கேரட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, காய்ந்த புல்தான் தின்கிறது என்பது பிறகு தெரிந்தது.)

மூன்றாம் தொடக்கம்: 'என் மைத்துனனிடம் ஒரு முயல் இருக்கிறது.'

இதில் ஆழம் சுத்தமாக இல்லை. பொய்யும் இல்லை. இப்போதைக்கு இருக்கட்டும்.

3

அடுத்து, கதாபாத்திரத்தின் மீது எனக்கு வந்த சந்தேகம்.

என் திட்டப்படி அவன் அதிகம் பேசாதவன். ஜன்னலோரம் நின்று வெறிப்பவன். உள்ளே ஒரு பழைய காயம். அந்தக் காயத்தைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டோடு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் தரையில் குப்புறப் படுத்து, தாடையைத் தரையில் ஊன்றியிருந்தான். எதிரே, அதே உயரத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு முயல். ஒரு காது நிமிர்ந்திருந்தது, மற்றது பாதியில் மடிந்திருந்தது.

"வாங்க மாமா. சத்தம் போடாம வாங்க. மேஸ்திரி ரவுண்டு வர்ற நேரம்."

மேஸ்திரி என்பது முயல். வேலை எதுவும் செய்யாது. ஆனால் வீட்டுக்குள் எது புதிதாக வந்தாலும் சுற்றிவந்து மோந்து, தாடையால் ஒரு தேய் தேய்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் நகரும். என் பைக்கு ஒப்புதல் கிடைத்தது. நோட்டின் மூலையைக் கடித்துத் துப்பியது.*

அறையில் பாதியை மேஸ்திரியின் வீடு பிடித்துக்கொண்டிருந்தது. இடித்த கட்டடங்களிலிருந்து கொண்டுவந்த ஜன்னல் சட்டம், மாடிப்படிக் கைப்பிடி, யாரோ ஒரு வக்கீலின் பெயர்ப்பலகை. கீழ்த்தளம் தூங்க, மேல்தளம் சும்மா இருக்க.

நான் பேனாவைத் திறந்தேன். "தனியா இருக்கோமேன்னு தோணுனப்பதான் இதை வாங்கினியா மாப்ள?"

"இல்லையே."

"சின்ன வயசுல ஏதாவது பெரிய இழப்பு…"

"ஒரு சைக்கிள் தொலைஞ்சுது. ரெண்டு நாள்ல கிடைச்சிடுச்சு."

"அப்புறம் எதுக்குத்தான் முயல்?"

அவன் உண்மையாகவே யோசித்தான். "காது நல்லாயிருக்கு மாமா."

நோட்டில் 'காது' என்று எழுதி அடிக்கோடிட்டேன். அன்றைய வசூல் அவ்வளவுதான். சந்தோஷமாக இருக்கும் ஓர் ஆம்பளையை வைத்துக்கொண்டு இலக்கியத்தில் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்.

* என் எழுத்தின் மீது மேஸ்திரி வைத்த முதல் விமர்சனம். இதழாசிரியருடையதைவிடச் சுருக்கமானது.

4

அவனோடு கால்நடை மருத்துவரிடம் போனேன். மேஸ்திரிக்கு நகம் வெட்ட வேண்டும். கூடையை என் மடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடச் சொன்னான். எதற்கு மூட வேண்டும் என்பது உள்ளே போனதும் புரிந்தது. பெஞ்சில் இரண்டு பேர் துண்டு மூடிய கூடைகளோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பெரிய மீசை வைத்த வங்கிக் காவலாளி. இன்னொருவர் கராத்தே மாஸ்டர், சட்டையிலேயே எழுதியிருந்தது.

"பூனையா?" என்றார் காவலாளி.

"முயல். அக்கா பொண்ணோடது," என்றான் மைத்துனன்.

அக்கா பொண்ணு என்பது என் மகள். வெளியூரில் வேலை பார்க்கிறாள். முயல் முடி பட்டால் எட்டுத் தும்மல் போடுபவள்.

"என்னுதும் பொண்ணோடதுதான்," என்றார் காவலாளி.

"என்னுது பையனோடது," என்றார் மாஸ்டர்.

உள்ளிருந்து டாக்டரம்மா எட்டிப்பார்த்தார். "மாஸ்டர், போன வாரம்தான் உங்க கல்யாணப் பத்திரிகை கொண்டாந்து குடுத்தீங்க. அதுக்குள்ள பையனா?"

மாஸ்டர் தன் காலணியை ஆராயத் தொடங்கினார்.

டாக்டரம்மா தொடர்ந்தார்: "என் நோட்டைப் பார்த்தா இந்த ஊர்ல முயல் வச்சிருக்கிற ஆம்பளையே கிடையாது. எல்லாம் பிள்ளைங்களோடது. ஒரு பிள்ளைகூட இதுவரைக்கும் இந்தப் பக்கம் வந்ததில்ல. சரி, அந்த அக்கா பொண்ணு முதல்ல வா."

என் மடியிலிருந்த கூடையோடு நான் எழுந்து போனேன். திரும்பி வருவதற்குள் துண்டுகள் எல்லாம் விலகியிருந்தன. மூன்று ஆம்பளைகளும் தலையை ஒட்டவைத்துக்கொண்டு, எந்தப் புல் மெதுவாக இருக்கிறது, யாருடையது காலால் தரையைத் தட்டிக் கோபித்துக்கொள்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

[இந்த இடத்தில் ஆண்மை, மென்மை, சமூகம் குறித்து இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். நன்றி சொல்ல வேண்டியதில்லை.]

5

இவ்வளவையும் பார்த்துவிட்டு வந்து முயலைக் கொன்றேன்.

முதல் வரைவில் மழையில் நனைந்து செத்தது. இரண்டாவதில் பூனை. மூன்றாவதில் பெயர் தெரியாத காய்ச்சல். நான்காவதில் மைத்துனன் இடிக்கும் சுவர் அதன் மேலேயே விழுந்தது. (வீட்டில் இருக்கும் முயல் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.) நான்காவதைத் தபாலில் சேர்த்தேன்.

ஐந்தாம் நாள் இதழாசிரியர் தொலைபேசியில் வந்தார். அவர் பேசினாலும் அச்சில் பேசுவதுபோலத்தான் பேசுவார். "அந்த மரணம் இருக்கிறதே, அடடா! இடிந்த சுவர், உறைந்த முயல், உடைந்த மனிதன்! ஆழம் ஐயா, ஆழம்! சிறப்பிதழின் முதல் கதை உங்களுடையது."

வீட்டில் சும்மா இருந்த நான் போய் நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து மறுபடியும் சும்மா உட்கார்ந்தேன்.

மனைவி செய்த தவறு, தம்பி பெருமைப்படுவான் என்று நினைத்துக் கதையை அவனுக்குப் போனில் வாசித்துக் காட்டியது. அவன் தலைமயிரில் சிமெண்டுத் தூசியோடு அப்படியே வந்து நின்றான். உட்காரவில்லை.

"என்ன மாமா இது?"

"கதைதானே மாப்ள. புனைவு."

"ஒரு காது மடிஞ்சிருக்குன்னு எழுதியிருக்கீங்க. மேஸ்திரின்னே எழுதியிருக்கீங்க. டாக்டரம்மா வாசிப்பாங்க, மாஸ்டர் வாசிப்பார். நான்தான் கொன்னேன்னு நினைக்க மாட்டாங்களா?"

"வாழ்க்கையில மரணம்ங்கிறது…"

"நான் இடிக்கிறவன்தான். ஆனா இடிக்கிறதுக்கு முன்னாடி உள்ள யாரும் இருக்காங்களான்னு ஒவ்வொரு ரூமா போய்ப் பார்ப்பேன். நீங்க பார்த்தீங்களா?" அக்காவின் பக்கம் திரும்பினான். "இது அச்சுல வந்துச்சுன்னா இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்க்கா."

போய்விட்டான். ஞாயிறுதோறும் மதியம் எங்கள் வீட்டில் சாப்பிடுபவன் மூன்று ஞாயிறு வரவில்லை. மனைவி அவன் தட்டையும் எடுத்து வைத்து, பிறகு காலியாகவே உள்ளே கொண்டுபோனாள். என் எதிரே இருந்தவை ஒரு காலித் தட்டும் ஒரு சிறப்பிதழும். எனக்கு இரண்டும் வேண்டும். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, சிறப்பிதழ் ஒரு பிடி கூடுதலாகவே வேண்டும்.

6

நான்காம் வாரம் வெளியூரில் அவனுக்கு இரண்டு நாள் வேலை வந்தது. கூடையோடு வாசலில் நின்றான். படி ஏறவில்லை, கையை மட்டும் நீட்டினான். நான் ஓர் அடி தள்ளித்தான் நின்றேன்.

"அக்கா, அவர்கிட்ட சொல்லு. புல்லு எப்பவும் இருக்கணும். தண்ணி கிண்ணத்துல."

"சரின்னு சொல்லு," என்றேன் மனைவியிடம்.

"அப்புறம், அவர் நோட்டை உயரத்துல வைக்கச் சொல்லு. மேஸ்திரிக்கு வயித்துக்கு ஆகாது."

மறுநாள் மனைவி கடைக்குப் போய்விட்டாள். நான் கதையைக் கடைசியாகத் திருத்த விடுப்பு எடுத்திருந்தேன். மேஸ்திரி வீடு முழுக்க மேற்பார்வை பார்த்தது. மேசைக்கால், குடை, என் பாதம், எல்லாவற்றுக்கும் ஒப்புதல். நான் 'உறைந்த அந்தச் சின்ன உடல்' என்ற வரியில் 'சின்ன' தேவையா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் பொத்தென்று ஒரு சத்தம்.

மேஸ்திரி பக்கவாட்டில் சரிந்து விழுந்து கிடந்தது. கால்கள் நீட்டியிருந்தன. கண் பாதி மூடியிருந்தது.

நான் எழுதியது நடந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு கதைகூட அச்சில் வராதவனுக்கு எவ்வளவு திமிர் பாருங்கள். பேனாவைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தேன். மைத்துனனைக் கூப்பிட்டேன். எந்திரச் சத்தத்துக்கு நடுவே எடுத்தான்.

"மாப்ள… மேஸ்திரி விழுந்துட்டான்."

எந்திரம் நின்றது.

"எப்படி விழுந்தான்?"

"பக்கவாட்டுல. திடீர்னு. நான் ஒண்ணுமே பண்ணல மாப்ள, சத்தியமா எழுதிட்டுதான் இருந்தேன்…"

"மூக்கைப் பாருங்க. ஆடுதா?"

தரையில் படுத்தேன். கண்ணாடி நழுவியது. என் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி அந்த மூக்கு. மெதுவாக, மிக மெதுவாக, ஆடியது.

"ஆடுது," என்றேன். "ஆடுது மாப்ள."

மறுமுனையில் நீண்ட மூச்சு. "ஒண்ணுமில்ல மாமா. நிம்மதியா இருந்தா அப்படித்தான் பொத்துன்னு சாயும். முதல் தடவை நான் ஹெல்மெட்டைக்கூடக் கழட்டாம டாக்டரம்மாகிட்ட தூக்கிட்டு ஓடினேன்." பிறகு குரல் மாறியது. "ரெண்டாவது நாளேவா விழுந்தான்? எங்க வீட்டுல விழறதுக்கு மூணு வாரம் ஆச்சு."

அந்தப் பொறாமையை எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. மேஸ்திரி எழும்வரை அப்படியே படுத்திருந்தேன். பதினேழு நிமிடம். என் வாழ்க்கையில் நான் ஒரு பொருளை அவ்வளவு நேரம் உருவகம் ஆக்காமல் பார்த்தது அதுவே முதல் முறை.

7

உடனே திருந்திவிட்டேன் என்று நினைத்தால் உங்களுக்கு எழுத்தாளர்களைத் தெரியாது. நான் ஒரு தந்திரம் செய்தேன். சுவர், இரத்தம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, கதையை ஒரே வரியில் முடித்தேன்: 'முயல் பக்கவாட்டில் சரிந்து விழுந்தது.' ஆசிரியர் அதைச் சாவு என்று வாசிப்பார். மைத்துனன் நிம்மதி என்று வாசிப்பான். சிறப்பிதழும் கிடைக்கும், தட்டும் நிறையும்.

போனில் வாசித்துக் காட்டியதும் ஆசிரியர் உருகிவிட்டார். கூடையை வாங்க வந்த மைத்துனன் வாசலில் நின்றபடியே வாசித்தான்.

"அவர் செத்துடுச்சுன்னு நினைக்கணும், நான் தூங்குதுன்னு நினைக்கணும். அப்படித்தானே?"

நான் குடையைப் பார்த்தேன்.

"பாதி இடிச்ச சுவரை அப்படியே விட்டுட்டுப் போகக் கூடாது மாமா. வழியில போற யார் தலையிலயாவது விழும்."

அன்று சாயங்காலம் ஆசிரியரைக் கூப்பிட்டேன். "ஐயா, முயல் எழுந்துவிடுகிறது."

"எங்கே எழுகிறது?"

"கதையில். பதினேழு நிமிடத்தில்."

"எழுந்தால் ஆழம்?"

"போய்விடும் ஐயா."

"வருந்துகிறேன்," என்றார். என் நான்காவது கதை தபால் உறைகூட இல்லாமல் திரும்பியது.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் படி ஏறி வந்தான், கூடையோடு. "கதை எப்போ வருது?"

"வரல."

"ஏன்?"

"மேஸ்திரி எழுந்துட்டான்."

அவன் தட்டை இழுத்துக்கொண்டான். சாப்பிட்டான். பிறகு கூடத்தில் குப்புறப் படுத்து, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். "வந்து படுங்க மாமா. வேட்டியெல்லாம் ஒண்ணும் ஆகாது." ஐம்பத்து மூன்று வயதில் நான் படுத்தேன். மனைவி எங்கள் இருவரையும் தாண்டித் தண்ணீர் எடுக்கப் போனாள்.

8

இப்போது இந்த ஐந்தாவது வரைவு உங்கள் கையில். இதை யார் அச்சிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆழம் பார்க்காத யாரோ நல்லவர்.

முயல் பக்கவாட்டில் சரிந்து விழுந்தது.

அது எழும் என்று நமக்குத் தெரியும். ஆனால் அடுத்த வரியை நான் எழுதினால், எழுத்தாளன் மனமிரங்கி உயிர்ப்பிச்சை போட்டதுபோல ஆகிவிடும். அந்தப் பெருமைக்கு நான் லாயக்கில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன். பென்சில் போதும். எழுதுவதற்கு முன் பதினேழு நிமிடம் தரையில் படுத்திருங்கள். யாராவது வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், முயல் பொண்ணோடது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மூக்கைப் பாருங்கள்.