மீள்தன்மை

போருக்குப் பின் விடத்தல்தீவில் நாங்கள் மீளக் குடியேறிய மூன்றாம் ஆண்டில், தொண்டு நிறுவனம் ஒன்றின் விழாவுக்கு எட்டு நடன உடைகளைப் பின்னும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முன்னர் நான் பின்னியவை யாவும் மீன்வலைகளே. வலையின் முடிச்சு இறுகும், இளகாது. பின்னல் துணியிலோ முடிச்சு இல்லை. வளையத்துள் வளையம் கோக்கப்படுவதால் அது இழுக்க நீளும், விடச் சுருங்கும். இப்பண்பை விஞ்ஞானப் பாடநூல் மீள்தன்மை என அழைக்கின்றது. முப்பத்தொன்பதாவது வயதில் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்த நான், நிறுவனத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் "மீள்தன்மை மிக்க நடன உடை" என்று பிழையற எழுதினேன். பதினொரு விண்ணப்பங்களுள் என்னுடையதே தெரிவாயிற்று.

மேடும் பள்ளமுமாக வரிகள் அமையுமாறு பின்னினேன். மேட்டுக்கு நீல நூல், பள்ளத்துக்கு வெள்ளை. உடுத்தவள் அசையாது நின்றால் மேடுகள் நெருங்கி, நீலச் சாக்குப் போலத் தோன்றும். அவள் கை விரித்துச் சுழன்றாலோ பள்ளங்கள் திறந்து, அலை உடைந்தாற்போல வெள்ளை வெளிப்படும். உதுக்குள் சூடை மீன் படுமோ என்று கேலி செய்த என் கணவர் பஸ்ரியன், ஒத்திகையில் றஞ்சிதா முதன்முறை சுழன்றதும், இன்னொருமுறை சுழலச் சொன்னார். எட்டுப் பிள்ளைகளுள் அவளே முன்வரிசையில் ஆடுபவள். அந்த வெள்ளையை ஊரார் யாவரும் காணவேண்டும் என்பதன்றி எனக்கு வேறு விருப்பம் இருக்கவில்லை.

விழாவன்று காலையில் நிறுவன உத்தியோகத்தர் சுபாஸ்கரன், நடனம் நிறுத்தப்பட்டதாக அறிவித்தார். உரைகள் நீண்டுவிடுமாம்.

"பிள்ளையள் மேடையிலை வரிசையா நிண்டாப் போதும், அக்கா."

"தம்பி, உது நிண்டாத் தெரியாது. ஆடினாத்தான் தெரியும்."

"நீங்கள்தானே மீள்தன்மை எண்டு எழுதினனீங்கள்? அப்பிடி விழுந்த சனம் திரும்ப எழும்பி நிக்கிறதைப் பாக்கத்தான் காசு தாறவை வருகினம்."

"நான் துணியைப் பற்றி எழுதினனான்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பின்னர், "அதைப் போய் ஆரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.

பிள்ளைகள் இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றனர். வியர்வையின் பாரத்தால் உடைகள் முழங்காலுக்குக் கீழே தொங்கின. விருந்தினர் ஒருவர் மேடையேறி, றஞ்சிதாவின் கைப்பகுதியை இரு விரல்களால் இழுத்துப் பார்த்தார். வெள்ளை தெரிந்தது. ஆனால் அவர் புகைப்படக்காரரின் பக்கம் திரும்பியிருந்தார். விரல்களை விட்டதும் ஈரத்தில் நனைந்திருந்த துணி சுருங்கவில்லை, இழுபட்டபடியே கிடந்தது.

அடுத்த ஆண்டும் விண்ணப்பம் கோரினர். இம்முறை எவரும் பொருளைத் தவறாகக் கொள்ளாதவாறு, "இழுபடும் துணி" என்று எழுதினேன்.

பதில் வரவில்லை.