எருமையின் விண்ணப்பம்

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பயிற்சியாளர் வந்தார். தனக்குள் இருக்கும் மிருகத்தைக் கண்டுகொண்டால் மனிதன் முன்னேறலாம் என்றார். இங்கே மனிதர்களே குறைவு, இதில் இது வேறா என்று நினைத்துக்கொண்டேன். அரை நாளில் ஆளுக்கொரு மிருகம் கிடைத்தது. மேலாளர் சிங்கம். தபால் பிரிவுக்காரர் ஆமை. தட்டச்சுக்காரி மான். எனக்கு எருமை. யார் என்ன சொன்னாலும் என் முகத்தில் ஒன்றும் தெரிவதில்லையாம்.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். மூன்று வருடமாக, மாதம் தவறாமல், மாற்றல் கேட்டு நடையாய் நடக்கிறேன். கணவரும் நாலு வயது மகளும் எட்டு மணி நேரப் பயணத்துக்கு அப்பால், நாத்தனார் வீட்டில். அங்குள்ள பிள்ளைகளைப் பார்த்து என் மகளும் நாத்தனாரை அம்மா என்கிறாள், என்னை அத்தை என்கிறாள். பெற்ற வயிறு பற்றி எரிகிறது. இதையெல்லாம் முகத்தில் எழுதியா ஒட்டிக்கொள்ள முடியும்?

மறுநாளே மேலாளரின் சுற்றறிக்கை வந்தது. அவரவர் தம் மிருகத்தின் இயல்புப்படிதான் வேலை பார்க்க வேண்டும், யாரும் தடுக்கக் கூடாது. ஆமை பன்னிரண்டு மணிக்கு வந்து சேர்ந்தார்; ஏன் என்று கேட்டால் சட்டைக் காலருக்குள் தலையை இழுத்துக்கொண்டார். கதவு சத்தம் கேட்டாலே மான் ஃபைலைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். சிங்கம் நாளெல்லாம் தூங்கும் என்று எங்கோ படித்துவிட்ட மேலாளர், மேஜைமேல் காலை நீட்டிக் குறட்டை விட்டார். என் விண்ணப்பம் அந்தக் காலுக்கடியில் கிடந்தது.

எருமை என்ன செய்யும் என்று யோசித்தேன். நடுரோட்டில் நிற்கும். எவன் ஹாரன் அடித்தாலும் நகராது.

மேலாளர் அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். கண் விழித்தவர், அப்புறம் வா என்றார். நின்றேன். கத்தினார். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி நின்றேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டார். வாட்ச்மேன் நாய். இரண்டு தடவை குரைத்துவிட்டு, கடமை முடிந்ததென்று வராந்தாவில் படுத்துக்கொண்டார்.

மதியம் ஆயிற்று. மேலாளருக்கு அவசரமாகப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. அறைக்கு இருந்தது ஒரே வாசல். நான் சுற்றறிக்கையைத் தூக்கிக் காட்டினேன். அதில் இருந்தது அவர் கையெழுத்துதான்.

இன்னொரு கையெழுத்தையும் போட்டு, வியர்க்க விறுவிறுக்க என் விண்ணப்பத்தை நீட்டினார்.

"இவ்ளோ முக்கியம்னா முதல்லயே வந்து கேட்டிருக்கலாமேம்மா."

"முப்பத்தாறு தடவை கேட்டேன் சார். அப்பல்லாம் மனுஷியா வந்து கேட்டேன்."

தாளை மடித்துப் பையில் வைத்த பிறகுதான் வழிவிட்டேன். சிங்கம் ஓடிய ஓட்டத்தில் மான் தோற்றுப் போனாள். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் அத்தை இல்லை என்று ஒருத்தியிடம் போய்ச் சொல்ல வேண்டும்.