பத்து மணிக்கு மேல் வைஃபை கிடையாது

பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் மின் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருந்த அவருக்கு வேலையாட்கள் வைத்திருந்த பெயர் 'ஆஃப் சார்'. ஆளில்லாத இடத்தில் ஃபேன் ஓடினால் அவருக்குப் பொறுக்காது. சாப்பாட்டு இடைவேளையில் ஒரு சுற்று சுற்றிவந்து, வீணாக எரிகிற விளக்கையெல்லாம் அணைத்த பிறகுதான் தன் டிபன் டப்பாவைத் திறப்பார். அந்தப் பெயர் காதில் விழுந்தபோது அவருக்குக் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டிலும் அதே கதைதான். ஒருநாள் மின்சாரம் அளக்கும் சின்னக் கருவி ஒன்றை எடுத்துவந்து ஒவ்வொரு பிளக்கிலும் செருகிப் பார்த்தார். ஹாலில் இருந்த வைஃபை பெட்டி எட்டு வாட் இழுத்தது. எல்லாரும் தூங்குகிற எட்டு மணி நேரம் அது யாருக்காக முழித்துக்கொண்டிருக்கிறது என்று மனைவியைக் கேட்டார். கணக்குப் போட்டால் வருஷத்துக்கு இருபத்து மூன்று யூனிட் தண்டம். அன்றிலிருந்து ராத்திரி பத்து மணிக்கு அதை அணைப்பதும் காலை ஆறுக்குப் போடுவதும் சட்டமாயிற்று. வீட்டில் வைஃபை இருக்கும்போது போனுக்குத் தனியாக டேட்டா எதற்கு என்று அதையும் முன்பே நிறுத்தியிருந்தார்.

மனைவி எதற்கும் எதிர்த்துப் பேசுகிறவள் அல்ல. ஆனாலும் ஒரு வாரம் கழித்து, துணி மடித்தபடியே மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங்க, தம்பி கரைக்கு வர்ற நாள்ல மட்டும் அதை விட்டு வைக்கலாமே."

தம்பி என்று அவள் சொன்னது அவருடைய ஒரே தம்பியை. அவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். நடுக்கடலில் பேச வழி கிடையாது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும் இரண்டு மூன்று நாளில், பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மாலுமிகள் விடுதிக்கு ஓடி, அங்கே இலவசமாகக் கிடைக்கும் இணையத்தில் கூப்பிடுவான். அவனுக்கு அங்கே ஓய்வு கிடைக்கும் நேரம் இங்கே நடுச்சாமம். அண்ணிதான் எழுந்து போனை எடுப்பாள். கப்பல் சமாச்சாரங்களை அவன் அடுக்க அடுக்க, இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அண்ணன் போர்வையை விலக்காமலே இரண்டு வார்த்தை பேசுவார்.

"ஒருநாள் விட்டா பழக்கமே போயிடும்" என்று சொல்லி அவர் பேச்சை முடித்துவிட்டார். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்த மாதம் மனைவி தன் அக்காவுக்கு ஆபரேஷன் என்று போயிருந்தாள். ஒரு காலை வைஃபையைப் போட்டதும் போனில் தம்பியின் தவறிய அழைப்பு இருந்தது. மறுநாளும் இருந்தது. கூடவே ஒரு செய்தி: "அண்ணே, முக்கியமா ஒண்ணு கேக்கணும். இன்னிக்கும் கூப்பிடறேன்." இவர் "சரி" என்று பதில் எழுதினார். இன்றைக்கு மட்டும் அணைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்பினார். ராத்திரி வந்து, குளித்து, சாப்பிட்டு, வாசல் கதவைப் பூட்டி, சமையலறை விளக்கை அணைத்தார். அதே ஓட்டத்தில் கை தானாகப் போய் வைஃபை சுவிட்சையும் தட்டிவிட்டது.

காலையில் பார்த்தால் மூன்று அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டபோது கப்பல் கிளம்பிவிட்டிருந்தது. என்ன விஷயம் என்று எழுதிப் போட்டார். பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "ஒண்ணுமில்லண்ணே, முடிஞ்சிடுச்சு." நல்லபடியாக முடிந்ததென்று அவர் எடுத்துக்கொண்டார். ஊரிலிருந்து திரும்பிய மனைவியிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

மூன்று வருஷம் கழித்துத் தம்பி பத்து நாள் லீவில் வந்தான். அதற்குள் அவன் கப்பலை விட்டு, ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்திலேயே கேன்டீன் வேலையில் உட்கார்ந்து, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டிருந்தான். கைக்குழந்தையோடு அவன் மனைவியால் இவ்வளவு தூரம் வர முடியவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எப்படி அந்த வேலைக்குப் போனாய் என்று அண்ணி கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

"கப்பல்ல ஒப்பந்தம் அந்தப் பயணத்தோட முடியறதா இருந்துச்சு அண்ணி. அந்த கேன்டீன்ல அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க, கப்பல் கிளம்பறதுக்குள்ள பதில் சொல்லணும். எனக்கு இங்க வந்து ஒரு கடை போடலாம்னு ஆசை. உங்க மாடி ரூம்ல தங்கிக்கட்டுமான்னு கேக்கத்தான் மூணு நாள் கூப்பிட்டேன். அண்ணன் சரின்னு எழுதிட்டும் எடுக்கல. நேரா வேண்டாம்னு சொல்ல சங்கடப்படறாருன்னு புரிஞ்சுக்கிட்டேன்."

அவர் பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் வைத்தார். அந்த மாடி அறையைக் கட்டும்போதே அவர் மனதில் இருந்தது தம்பிதான். கதவுக்கு என்ன நிறம் அடித்தால் அவனுக்குப் பிடிக்கும் என்றுகூட யோசித்திருந்தார். யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மனைவி தட்டிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

"வைஃபையை அணைச்சுட்டேன்டா" என்றார். "வேற ஒண்ணுமில்ல. கைப்பழக்கத்துல அணைச்சுட்டேன்."

தம்பி தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தான். பிறகு, "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு, அண்ணியிடம் இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிக்கொண்டான்.

கிளம்புகிற அன்று அவன் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் மாடி ஏறிப் போனார். இப்போதாவது வந்துவிடேன் என்றார். அவன் சட்டையை மடித்து வைத்தான்.

"இப்ப எப்படிண்ணே? அவ அம்மாவும் எங்களோடதான் இருக்காங்க. எல்லாரையும் கிளப்பிட்டு வர முடியுமா?"

அவர் தலையாட்டினார்.

அடுத்த மாதம் தொழிற்சாலையில் காற்றழுத்தக் குழாய் ஒன்றில் பொத்தல் கண்டுபிடித்தார்கள். அந்தக் கசிவால் எவ்வளவு மின்சாரம் வீணாகியிருக்கும் என்று இளம் பொறியாளர் போட்டுக் காட்டிய கணக்கை அவர் மறுபடியும் மறுபடியும் பார்த்தார். வைஃபையை அணைத்து அவர் ஒரு வருஷம் மிச்சம் பிடித்ததை அந்தக் குழாய் ஒரே நாளில் குடித்திருந்தது. மிச்சம் பிடித்தது தப்பென்று அவருக்கு இப்போதும் தோன்றவில்லை. ஆனால் மனைவி ஒரே ஒரு விதிவிலக்குக் கேட்டபோது ஏன் முறுக்கிக்கொண்டோம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தார். அவள் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இப்போது வைஃபை ராத்திரியும் ஓடுகிறது. தம்பியோ ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் கூப்பிடுகிறான். இரண்டு வயதாகிவிட்ட குழந்தைக்கு இவர்கள் பேச்சு புரியாது. 'பெரியப்பா' என்ற ஒரு வார்த்தையை மட்டும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டு அது இறங்கி ஓடிவிடும். அப்புறம் அண்ணனும் தம்பியும் கால்வலி, கேன்டீன் கூட்டம் என்று பேசுவார்கள். அந்த மூன்று ராத்திரிகளைப் பற்றி இரண்டு பேருமே பேச்செடுப்பதில்லை.