கேட்டால் கொடுப்போம்

கட்டடங்களுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தவன், சாரம் சரிந்து விழுந்தான். இடது கால் செத்துவிட்டது. வலது கால் பாதி சொன்னபடி கேட்கும். மூன்று வருடமாக, வாரத்தில் மூன்று நாள், அவன் மனைவி அவனை அரசுக் குடியிருப்பின் மூன்றாம் மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக இறக்கி, பஸ்ஸில் ஏற்றி, பயிற்சிக்காக மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். தையல் ஆலையில் பொத்தான் வைக்கும் வேலை அவளுக்கு. அந்த மூன்று நாளும் பாதி வேலைதான். மேற்பார்வையாளர் அவளுக்கு 'அரைநாள்' என்றே பெயர் வைத்துவிட்டார்.

ஒருநாள் வழக்கமாகப் பயிற்சி கொடுப்பவர் விடுப்பில் போக, புதிதாக ஒரு பெண் வந்தாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த அரைநாளைப் பார்த்தாள்.

"மூணாவது மாடியிலேர்ந்தா கூட்டிட்டு வர்றீங்க? வீட்டுக்கே வந்து பயிற்சி குடுக்கற திட்டம் இருக்கேம்மா. எழுதிப் போடலையா?"

"எப்பலேர்ந்து இருக்கு?"

"அது ஆச்சு, ஆறு வருஷம்."

திரும்பும் பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் அவள் உட்காரவில்லை.

"விடு, இப்பவாச்சும் தெரிஞ்சுதே" என்றான் கணவன்.

"எப்படி விடறது? அந்தப் படியில ரெண்டு தடவை உருண்டீங்க. முன்பல்லு போச்சு."

"பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. உனக்கு லாபம்தானே?"

அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

மறுநாள் நலத்துறை அலுவலகம் திறக்குமுன்பே வாசலில் நின்றாள். குமாஸ்தா விண்ணப்பத்தை மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். இவ்வளவு சுலபமா என்றபோதுதான் ஆத்திரம் இன்னும் கூடியது. அவர் திறந்த மேசை இழுப்பறைக்குள் திட்டங்களைப் பற்றிய துண்டறிக்கைகள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன.

"இதை ஏன் சார் யாருக்கும் குடுக்கல?"

"கேட்டா குடுப்போம்மா."

"இருக்குன்னு தெரிஞ்சாத்தானே சார் கேக்க முடியும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒட்டி வைக்கப் பலகை வேணும்னு நாங்களும்தான் மேல எழுதிக் கேட்டோம். வரல."

"பாத்தீங்களா, கேட்டாலும் வரல!"

குமாஸ்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கட்டுகளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

நேராக மருத்துவமனைக்குப் போனாள். காத்திருந்த ஒவ்வொருவர் கையிலும் திணித்தாள். ஒருவர் அதை மடித்து விசிறிக்கொண்டார். மகளின் காலில் கட்டியிருந்த தாங்குபட்டையைத் துண்டால் மூடியிருந்த ஒரு தகப்பன், "எங்க பொண்ணுக்கு இதெல்லாம் வேணாம், சரியாயிடும்" என்று திருப்பிக் கொடுத்தார். ஒரு பெண் மூன்று தடவை படித்துவிட்டு, "நெஜமாவா?" என்று கேட்டு அழுதாள். அவளோடு சேர்ந்து அழக்கூட அரைநாளுக்குப் பொறுமை இல்லை. அடுத்து யார் வருகிறார்கள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதத்தில் பயிற்சியாளர் வீட்டுக்கு வரத் தொடங்கினார். அவளும் முழுநாள் வேலைக்குப் போனாள். கணவனோ நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்தான். பயிற்சி முடிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"என்னதான் ஆச்சு உங்களுக்கு?" என்று ஒரு மாலை வெடித்தாள்.

"வாரத்துல மூணு நாள் தெருவைப் பாத்தேன். பஸ்ல நாலு பேரு சண்டை போடறதைக் கேட்டேன். இப்ப இந்தச் செவுத்தைப் பாக்கறேன்."

"அப்ப மறுபடி அந்தப் படியா?"

"படி வேணாம். தெரு வேணும்."

இத்தனை பேரிடம் ஓடி ஓடிச் சொன்னவள், இவனிடம் என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அது சுருக்கென்றது. மிச்சமிருந்த துண்டறிக்கை ஒன்றை எடுத்தாள். வீட்டுப் பயிற்சி பற்றிய முதல் பக்கத்தைத் தாண்டி அவளும் படித்ததில்லை. இருவரும் எழுத்துக்கூட்டி முழுதாகப் படித்தார்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: அரசுக் குடியிருப்பில் வசிப்பவர்கள் தரைத்தள வீட்டுக்கு மாற்றம் கேட்கலாம்.

"கேக்கலாமாம்" என்றான் அவன். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தான்.

ஏழு மாதம் செருப்புத் தேய அலைந்தாள். எட்டாவது மாதம் தரைத்தளத்தில் வீடு கிடைத்தது. குடிபோன அன்று மாலையே அவன் சுவரைப் பிடித்தபடி நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு, போகிற வருகிறவர்களிடம் வம்பளக்க ஆரம்பித்துவிட்டான்.

அவள் உள்ளே வெறுங்கையோடு நின்றாள். இறக்க வேண்டியதும் இல்லை, ஏற்ற வேண்டியதும் இல்லை. ஜன்னல் வழியே பார்த்தபோது, எதிர்க் கட்டடத்தின் நாலாம் மாடியில், காயப்போட்ட துணிகளுக்கு நடுவே ஒரு சக்கர நாற்காலி தெரிந்தது.

"எங்க கெளம்பிட்ட? இப்பத்தானே வந்தோம்!" என்றான் கணவன்.

"தோ, வந்துடறேன்" என்று அவள் தெருவைக் கடந்தாள்.