மேஸ்திரியின் சட்டைப்பை

பொன்னுராஜ் எங்கள் வீட்டுக்கு வந்தது 1985 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து நானும் ஏசம்மாளும் அப்போதுதான் திரும்பியிருந்தோம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை வெயிலில் சைக்கிள் மிதித்து வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

மில்லில் ஆறு வருடமாக நாங்கள் ஒரே நூற்பு மிஷினின் இரண்டு பக்கம் நின்றவர்கள். அவர் பக்கம் நூல் அறுந்தால் அவர் ஒட்டுவார். என் பக்கம் அறுந்தால் நான். மிஷின் சத்தத்தில் பேச முடியாது. முடிந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டோம். அவர் செங்கொடிச் சங்கம். நான் ஆளுங்கட்சிச் சங்கத்தின் துணைச் செயலாளர். கேட் மீட்டிங்கில் மைக்கைப் பிடித்து என்னை ‘முதலாளி வீட்டு மைப்பேனா’ என்று சொன்னவர் அவர். நானும் சும்மா இருக்கவில்லை. நோட்டீஸில் பதில் எழுதினேன்.

“அண்ணாச்சி, செத்த நேரம் பேசணும்” என்றார்.

விஷயம் எனக்குத் தெரியும். ஆவுடையப்பன் மேஸ்திரியைத் தள்ளிவிட்டுச் சட்டையைக் கிழித்ததாக அவர் மேல் குற்றச்சாட்டு. புதன்கிழமை விசாரணை. நிரூபணமானால் வேலை போய்விடும். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவளை அந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்.

நடந்ததை நான் பார்த்தேன். நூல் காயாமலிருக்க மேலே தண்ணீர் தூவும் குழாய் ஒழுகி, நடைபாதையெல்லாம் ஈரம். மேஸ்திரி பொன்னுராஜைப் பார்த்துத் திட்டிக்கொண்டே பின்னோக்கி நடந்தார். கால் வழுக்கியது. பொன்னுராஜ் பிடிக்கப் பாய்ந்தார். கைக்கு அகப்பட்டது சட்டைப்பைதான். பை அவர் கையோடு வந்துவிட்டது. மேஸ்திரி கீழே போய்விட்டார்.

அன்று ஷிப்டு முடியும்போது மேஸ்திரி ஒரு ரிப்போர்ட்டைச் சாட்சிக் கையெழுத்துக்காக என்னிடம் நீட்டினார். நான்கே வரி. ஒவ்வொன்றாகப் படித்தேன். பொன்னுராஜுக்கும் மேஸ்திரிக்கும் வாக்குவாதம் நடந்தது, உண்மை. மேஸ்திரி கீழே விழுந்தார், உண்மை. சட்டைப்பை கிழிந்தது. கிழிந்த துணி பொன்னுராஜ் கையில் இருந்தது. எல்லாமே உண்மைதானே என்று கையெழுத்துப் போட்டேன். வழுக்கியது என்ற வரி அதில் இல்லை என்பது பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. இறங்கித் திரும்பிப் போகவும் இல்லை.

“விசாரணையில எனக்காகப் பேச ஒரு தொழிலாளியக் கூட்டிட்டு வரலாமாம். ஒம்ம பேரக் குடுக்கலாம்னு இருக்கேன்” என்றார் பொன்னுராஜ்.

“ஒங்க சங்கத்துல ஆளா இல்ல?”

“இருக்கான், கத்துறதுக்கு. எங்காளு பேசினா, சங்கத்துக்காகப் பேசுதான்னு விசாரண ஆபீசர் தூங்கிருவாரு. நீரு பேசினா முழிச்சுக்கிடுவாரு.”

“நான் கையெழுத்துப் போட்ட பேப்பருய்யா ஒமக்கு எதிரா இருக்கு.”

“அதுக்குத்தான் வந்தேன். போட்ட ஆளுதான் மிச்சத்தையும் சொல்லணும்.”

ஏசம்மாள் காப்பியோடு வந்தாள். “மைப்பேனான்னு சொன்னது இவியதானா?”

“ஆமா மதினி. மைக்கு கெடைச்சா வாய் நிக்காது.”

“சீனி போதுமா பாருங்க” என்றாள் அவள். அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள்: “பதினோரு நாளா சோத்தப் பெசைஞ்சு பெசைஞ்சு வச்சிட்டு எந்திரிக்கீக. போயிச் சொல்லிட்டாவது வந்து ஒழுங்கா சாப்பிடுங்க.”

மறுநாள் எங்கள் சங்கச் செயலாளர் சௌந்தரபாண்டியன் என்னை மில் கேட்டில் மடக்கினார். அதற்குள் செய்தி போயிருந்தது.

“ஏலே, அவன் வெளிய போனா அவிய சங்கமே படுத்துரும். அடுத்த பேச்சுவார்த்தையில நம்ம மட்டுந்தான். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தாப் போதும்.”

“மேஸ்திரி வழுக்கித்தான் விழுந்தாரு அண்ணாச்சி.”

“அது யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

“அப்போ துணைச் செயலாளர் பதவிய மறந்துரு” என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலமே கேட் அருகில் இருந்த எங்கள் சங்கப் பலகையில் என் பெயரின் மேல் சுண்ணாம்பு பூசியிருந்தது.

விசாரணை ஆபீசராக மதுரையிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார். நான் முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று பொன்னுராஜிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நான் மேஸ்திரியைக் கேட்டேன். “நீங்க விழுந்தது முன்னாலயா, பின்னாலயா?”

“பின்னால. பொடனியில அடி” என்று பின்மண்டையைத் தொட்டுக் காட்டினார்.

“பொன்னுராஜ் எங்க நின்னாரு?”

“எனக்கு முன்னால. தள்ளிவிட்டான்.”

“தள்ளினவரு கையில ஒங்க பை எப்படி வந்துச்சு?”

மேஸ்திரி யோசித்தார். “பிடிச்சு இழுத்தான்.”

“இழுத்தா முன்னாலதான விழணும்? பொடனியில எப்படி அடிபட்டுச்சு?”

அவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் பேனாவைத் திறந்தார். தரை ஈரத்தையும், கால் வழுக்கியதையும், பொன்னுராஜ் பிடிக்கப் பாய்ந்ததையும் வரிசையாகச் சொன்னேன்.

“இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?” என்று வக்கீல் கேட்டார்.

“எழுதியிருந்தது சரியான்னு பாத்தேன்யா. எழுதாம விட்டதப் பாக்கல. தப்பு என்னோடதுதான்.”

உத்தரவு வர மூன்று வாரம் ஆனது. மேஸ்திரியை எதிர்த்துச் சத்தம் போட்டதற்காக நான்கு நாள் சஸ்பென்ஷன், தள்ளியது நிரூபிக்கப்படவில்லை.

பொன்னுராஜ் வேலைக்குத் திரும்பிய அன்று, மிஷினுக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். பிறகு விரலை மேலே காட்டினார். குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. காற்றில் எழுதிக் காட்டினார். எனக்குப் புரிந்தது. அன்றே மனு எழுதினேன். குழாயைச் சரிசெய்ய வேண்டும், நடைபாதையில் சாக்கு விரிக்க வேண்டும். சங்கத்தின் பெயர் எதுவும் போடவில்லை, வெறும் கையெழுத்துகள். அவர் அவருடைய ஆட்களிடம் வாங்கினார், நான் எங்கள் ஆட்களிடம். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் தயங்கினார்கள். அந்தப் பாதையில் நடப்பவர்கள் தயங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை கேட் மீட்டிங்கில் பொன்னுராஜ் ஆளுங்கட்சியை அரை மணி நேரம் கிழித்தார். மைப்பேனா மட்டும் வரவில்லை.

மனுவைக் கொடுக்கப் போகிற நாளில் சௌந்தரபாண்டியன் டீக்கடைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். அவர் தங்கச்சி மகளும் அந்த டிபார்ட்மெண்டில்தான் வேலை பார்த்தாள். மனுவை வாங்கி இரண்டு தரம் படித்தார்.

“எங்க போடணும்?”

கீழே காலி இடத்தைக் காட்டினேன்.

“இவன் பேருக்குக் கீழயா?”

பக்கத்து பெஞ்சில் இருந்த பொன்னுராஜ் டீ டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: “பக்கத்துல இடம் கெடக்கு அண்ணாச்சி. தள்ளி உக்காந்துக்கிடுதேன்.”

சௌந்தரபாண்டியன் சிரிக்கவில்லை. என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.